லண்டனில் உள்ள எங்கள் சிறிய தமிழ்க் குழுவை நாட்டுப்புறத்துக்குக் கூட்டிப்போக அறக்கட்டளைகள் காசு தருமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டது இப்படி. கிழக்கு லண்டனில் வாராவாரம் கூடும் ஒரு தமிழ்க் குழு. 26 பேர், பெரும்பாலும் முதியவர்கள். நான்கு பேர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள், இருவருக்குக் கண்பார்வை மங்கல். குழு எங்கும் பதிவாகவில்லை. வசதி குறைந்தவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் நாட்டுப்புறம் பார்க்கக் கூட்டிப்போக இந்த நாட்டில் கிராண்ட், அதாவது திருப்பிக் கொடுக்கவேண்டாத உதவித்தொகை, கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, உங்களுக்கும் கிடைக்குமா என்று கேட்கிறீர்கள். கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருந்தீர்கள்: "பிக்னிக் போகக் காசு கேட்க வெட்கமில்லையா என்று எங்கள் ஆட்களே கேட்கிறார்கள்." என் மனதில் நின்றது அந்த வரிதான். முன்னதற்குப் பதில் சொல்வது சுலபம். பின்னதைத் தீர்க்காமல் நீங்கள் விண்ணப்பமே எழுத மாட்டீர்கள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வருடம் ஒரு தமிழ் முதியோர் சங்கத்துக்காக இப்படியான விண்ணப்பங்களை எழுதினேன். அதன்பிறகு ஒன்பது வருடமாக ஒரு சிறிய குடும்ப அறக்கட்டளையின் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதுவதைப் படிக்கிறேன். சட்டம் படித்தவன் அல்ல. எனக்குத் தெரிந்தது இங்கிலாந்து நடைமுறை. ஸ்கொட்லாந்தில் அறக்கட்டளைச் சட்டமும், நிலத்தில் நடக்கும் உரிமையும் வேறு மாதிரி.

சுருக்கமாகச் சொன்னால், ஆம், தருவார்கள். பதிவு இல்லாதது பெரிய தடை அல்ல. ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் ஒரே ஒரு பெரிய பயணத்துக்குக் கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வெட்கம். உங்களிடமிருந்து பஸ் ஏறினால் போய்ச்சேரக்கூடிய எப்பிங் காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் அதைத் துண்டு துண்டாக வேலி போட்டு அடைத்துக்கொண்டிருந்தார்கள். லண்டன் நகர நிர்வாகம் நீதிமன்றம் போனது. 1878இல் தனிச் சட்டம் வந்து, அந்தக் காடு மக்கள் இளைப்பாறுவதற்காக என்றென்றைக்கும் திறந்திருக்க வேண்டும் என்று ஆனது. உங்கள் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைகள் அதனால் பயன்பட்டார்கள். 1884இல் கிழக்கு லண்டன் வைட்சாப்பல் பாதிரியார் சாமுவேல் பார்னெட்டும் அவர் மனைவி ஹென்றியெட்டாவும் லண்டன் ஏழைப் பிள்ளைகளை இரண்டு வாரம் கிராமத்து வீடுகளில் தங்கவைக்க ஒரு நிதி தொடங்கினார்கள். ஏழைகளின் குடியிருப்புக்காக உழைத்த ஒக்டேவியா ஹில், ஒற்றை அறையில் வாழும் குடும்பத்துக்கு வெட்டவெளிதான் இருப்பறை என்று சொல்லிவந்தவர். அழகான நிலங்களையும் பழைய கட்டடங்களையும் மக்களுக்காகப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட்டை 1895இல் தொடங்கிய மூவரில் அவரும் ஒருவர். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் திரண்டு, வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறை போனார்கள். தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் 1949இல் வந்தது, முதல் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்ட் 1951இல். அந்த மேடு இன்று அதற்குள் இருக்கிறது.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், வசதி இல்லாதவர்கள் பச்சை பார்ப்பதற்கு மற்றவர்கள் காசு போடுவது இங்கே நூற்றைம்பது வருடப் பழக்கம் என்பதுதான். நீங்கள் கேட்பது புதுச் சலுகை அல்ல. வட இங்கிலாந்தின் கம்பிரியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே கால்வர்ட் டிரஸ்ட் என்றொரு விடுமுறை மையம் 1978இல் திறக்கப்பட்டது. குதிரைச் சவாரி, படகு, பாறை ஏறுதல் எல்லாம் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் செய்யலாம். அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. ரெய்ஸ்லி கால்வர்ட் என்ற இளைஞர் 1795இல் இறக்கும்போது தன் நண்பரான கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்துக்கு 900 பவுண்ட் எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்தக் காசில்தான் அவர் வேலை தேடி அலையாமல் கவிதை எழுதினார். ஆங்கிலக் கவிதையில் மலையும் ஏரியும் இந்தளவு இடம் பிடித்ததற்குப் பின்னால் ஒருவர் கொடுத்த காசு இருக்கிறது. உங்கள் ஆட்களிடம் இதைச் சொல்லுங்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். இந்தத் துறையில் இரண்டு வகைக் காசு இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தப்பான கதவைத் தட்டுகிறார்கள். ஒன்று இடத்தை மாற்றும் காசு: பாதையைச் சமப்படுத்த, வாயிலை அகலமாக்க, கழிப்பறை கட்ட. அது நிலம் வைத்திருப்பவர்களுக்கும் பூங்கா நிர்வாகங்களுக்கும் போகும். இங்கிலாந்து அரசு 2022இல் இதற்கு 1 கோடியே 45 லட்சம் பவுண்ட் ஒதுக்கியது. முன்புறம் சாய்தளமாக இறங்கி, நாற்காலியோடு நேரே ஏறக்கூடிய படகுகளை மீன்பிடி ஏரிகளுக்கு வாங்கித்தரும் வீலிபோட் டிரஸ்ட்டும் இந்த வகைதான். இவர்களிடம் நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, ஆனால் இவர்கள் செலவழித்த இடங்களைத் தேடிப் போகலாம். மற்றது ஆட்களைக் கூட்டிப்போகும் காசு. உங்களுக்கு வேண்டியது அது.

அதிலும் தனியாளுக்குக் கொடுப்பவர்கள் வேறு, குழுவுக்குக் கொடுப்பவர்கள் வேறு. உங்கள் குழுவில் யாருக்காவது மாற்றுத்திறனாளிப் பேரப்பிள்ளை இருந்து, அந்தக் குடும்பத்துக்கு வருமானம் குறைவு என்றால் ஃபேமிலி ஃபண்ட் என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். 1973இலிருந்து இயங்குகிறது, 17 வயது வரையான பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு விடுமுறைக்கும் உதவுகிறது. 1975இல் தொடங்கிய ஃபேமிலி ஹொலிடே அமைப்பு குடும்பத்திடம் நேரடியாக விண்ணப்பம் வாங்குவதில்லை. ஆசிரியர், சமூகப் பணியாளர் போன்ற ஒருவர் பரிந்துரைக்க வேண்டும். இவை பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு. உங்கள் முதியவர்களுக்குக் குழு வழிதான் சரி.

குழு வழியில் முதலில் போகவேண்டிய இடம் தேசிய லொத்தர் (லாட்டரி) சமூக நிதியத்தின் 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' திட்டம். 300 பவுண்டிலிருந்து 20,000 பவுண்ட் வரை கேட்கலாம். பதிவு பெற்ற அறக்கட்டளையாக இருக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் கட்டாயம்: எழுதிக் கையெழுத்திட்ட ஒரு யாப்பு (குழுவின் விதிமுறைகள்), உறவினர் அல்லாத இருவராவது இருக்கும் நிர்வாகக் குழு, குழுவின் பெயரிலேயே வங்கிக் கணக்கு. கணக்கில் கையெழுத்துப் போடும் இருவரும் ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கக் கூடாது. நம் சங்கங்கள் விழுவது இந்த இடத்தில்தான். தலைவர் அண்ணன், பொருளாளர் தம்பி, கணக்கு அண்ணியின் பெயரில் என்று இருக்கும். யாரும் களவெடுக்கவில்லை, நல்ல மனதோடுதான் நடத்துகிறார்கள். ஆனாலும் விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். யாப்பு எழுதுவது ஒரு மாலை வேலை. வங்கிக் கணக்குக்கு மாதக்கணக்கில் இழுபடலாம். ஆகவே இன்றே தொடங்கவேண்டியது அதுதான்.

அடுத்தது சிறிய குடும்ப அறக்கட்டளைகள். இவை பெரும்பாலும் விளம்பரம் செய்வதில்லை, இணையதளம்கூட இல்லாதவை நிறைய. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பதிவான ஒவ்வோர் அறக்கட்டளையும், அவற்றைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சாரிட்டி கமிஷனின் பதிவேட்டில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். வருட வருமானம் 25,000 பவுண்டுக்கு மேல் உள்ளவற்றின் கணக்கறிக்கையை அங்கேயே திறந்து படிக்கலாம். நான் செய்வது இது: 'நாங்கள் யாருக்கு உதவுகிறோம்' என்ற பக்கத்தை விட்டுவிட்டு, போன வருடக் கணக்கில் உண்மையில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலைப் பார்ப்பேன். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவுவதாக எழுதியிருப்பார்கள், பட்டியலில் மருத்துவமனைகளும் பாடசாலைகளும் மட்டுமே இருக்கும். அங்கே தபால் செலவுகூட வீண். சராசரியாக 500 பவுண்ட் கொடுக்கும் அறக்கட்டளையிடம் 5,000 கேட்டாலும் அப்படித்தான். பதிவாகாத குழுவுக்குக் கொடுக்க முடியாது என்று சில அறக்கட்டளைகளின் விதியே சொல்லும். அப்படியானால் உங்கள் பகுதியில் பதிவுள்ள ஒரு பெரிய அமைப்பு உங்களுக்காகக் காசை வாங்கிக் கணக்குக் காட்ட முடியுமா என்று கேளுங்கள், இது இங்கே வழக்கமான ஏற்பாடு. கோயில் வழியாக விண்ணப்பிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மதப் பிரசாரத்துக்குத் தருவதில்லை என்று பலர் வைத்திருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் கூடுகிறீர்கள் என்பது பிரச்சினை இல்லை. பயணத்தை யாத்திரை மாதிரி எழுதினால் பிரச்சினை.

இனி, ஒரு பெரிய பயணம் வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் சங்கத்தை ஒரு மலைப்பகுதிக்குக் கூட்டிப்போனேன். போகவே மூன்றரை மணி நேரம். அந்த இடத்தின் விளம்பரத்தில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருந்தது, நான் அதை நம்பினேன். வாகனத் தரிப்பிடத்திலிருந்து பாதை நன்றாகத்தான் தொடங்கியது. இருநூறு அடி போனதும் வேலி, வேலியில் ஏறிக் கடக்கும் மரப்படி. ஆங்கிலத்தில் ஸ்டைல் என்பார்கள். எங்களோடு வந்த ஒரு ஐயா பார்த்தவுடன் "இது எங்கட கடப்பு" என்றார். யாழ்ப்பாணத்து வேலிக் கடப்பேதான், ஆடுமாடு நுழையாமல் ஆள் மட்டும் கடக்க வைத்தது. அவருக்கு அது ஊரை நினைவூட்டியது. நாற்காலியில் இருந்த மூவருக்கும் பயணம் அங்கேயே முடிந்தது. மூவரும் தரிப்பிடத்துப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருந்தார்கள். மற்றவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து படம் காட்டினார்கள். அவர்கள் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூவரில் ஓர் அம்மா அதற்குப் பிறகு எந்தப் பயணத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. பிழை என்னுடையது, போய்ப் பார்க்காமல் விண்ணப்பம் எழுதினேன்.

ஆகவே முதலில் இடத்தைப் போய்ப் பாருங்கள். முடிந்தால் நாற்காலியில் இருப்பவர் ஒருவரையே கூட்டிக்கொண்டு போங்கள். பாதையில் கடப்பு இருக்கிறதா, வாயிலில் நாற்காலி திரும்புமா என்று பாருங்கள். இருபது அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு சுகமானது. பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்றால் கொஞ்ச நேரத்தில் தள்ளுபவருக்குக் கை விட்டுப்போகும். பொடிக்கல் இறுகியிருந்தால் சில்லு ஓடும், தளர்ந்திருந்தால் புதையும். கழிப்பறை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று கேளுங்கள். பல இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை, நாடு முழுக்க இவற்றுக்குப் பொதுவான ரேடார் சாவியில்தான் திறக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களைப் படுக்கவைத்து உடை மாற்றவேண்டிய தேவை இருந்தால் சாதாரணக் கழிப்பறை போதாது. தூக்கும் கருவியும் பெஞ்சும் உள்ள 'சேஞ்சிங் பிளேசஸ்' வகைக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றித்தான் பயணத்தையே போடவேண்டும். கம்பிரியாவின் ஏரி மாவட்டத்தில் (லேக் டிஸ்ட்ரிக்ட்) 'மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்' என்று கடப்பே இல்லாத ஐம்பது பாதைகள் வரை தேர்ந்து, எல்லோருக்கும், பலருக்கும், சிலருக்கும் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அப்படி நேர்மையாகப் பிரித்துச் சொல்லும் இடங்களை நம்பலாம். எல்லோருக்கும் ஏற்றது என்று ஒரே வரியில் சொல்லும் இடத்துக்குத் தொலைபேசியில் பேசாமல் போகாதீர்கள்.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பொதுமக்களுக்குச் சேவை தரும் இடம் மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும், அதற்கான செலவை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. இது உறுதி. எது 'நியாயமான' மாற்றம் என்பது உறுதி இல்லை. பார்வையாளர் மையத்தின் கதவு நிச்சயம் அதில் வரும். செங்குத்தான மேட்டுப் பாதை வருமா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதை வைத்துச் சண்டை பிடிப்பதைவிட, முன்கூட்டியே எழுதிக் கேட்பதில் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிறது.

பெரும்பாலும் காசைத் தின்னப்போவது வாகனம். நேரசூசி போட்டு ஓடும் பெரிய பஸ்களில் சக்கர நாற்காலி வசதி இருக்கவேண்டும் என்று விதி உண்டு, ஆனால் தனியாக வாடகைக்கு எடுக்கும் கோச்சுக்கு அந்த விதி இல்லை. "52 இருக்கை" என்று சொல்லிவிட்டு, வந்து நிற்கும்போது ஏழு படி இருக்கும். விலை கேட்கும்போதே லிஃப்ட் இருக்கிறதா, எத்தனை நாற்காலியைக் கட்டி நிறுத்தலாம், அதற்காக எத்தனை இருக்கை கழற்றவேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பகுதிச் சமூகப் போக்குவரத்து அமைப்பையும் கேளுங்கள். லிஃப்ட் வைத்த மினிபஸ்களை இலாபமில்லாமல் குழுக்களுக்குத் தருவார்கள். உங்கள் 26 பேருக்கு அப்படி இரண்டு பஸ் போதுமாக இருக்கலாம். பராமரிப்பாளர்களின் அன்றைய கூலி, கண்பார்வை மங்கலானவர்களுக்குக் கூட நடக்க ஆள், மழை வந்தால் ஒதுங்க ஒரு மண்டபத்தின் வாடகை, சாப்பாடு, எல்லாவற்றையும் வரவுசெலவில் போடுங்கள். குறைத்துக் காட்டினால் தருவார்கள் என்று நினைத்து நம்மவர்கள் பராமரிப்பாளர் செலவை விட்டுவிடுகிறார்கள். தேர்வுக் குழுவில் இருக்கும் எனக்கு அது சிக்கனமாகத் தெரிவதில்லை. இவர்கள் இன்னும் யோசிக்கவில்லை என்றுதான் படுகிறது.

இனிப் பலன். 2019இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரின் விவரங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் கழிப்பவர்கள், தங்கள் உடல்நிலையும் மனநிறைவும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். நிறைய விண்ணப்பங்களில் இந்த எண்ணைப் பார்க்கிறேன், பலர் அதைத் தாண்டி எழுதிவிடுகிறார்கள். அது ஒரு தொடர்பைக் காட்டியது, காரணத்தை நிரூபிக்கவில்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்கள் என்றும் இருக்கலாம். அப்புறம், அது வாராவாரம் போவதைப் பற்றிய எண். வருடத்தில் ஒரு நாள் கடலோரம் போய்வந்தால் முதியவர்களின் நோய் குறையும் என்று எழுதினால், படிப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

அதனால்தான் சொல்கிறேன், 4,000 பவுண்டில் ஒரு தூரப் பயணம் கேட்பதற்குப் பதில், அதே காசில் பக்கத்து இடம் ஒன்றுக்கே ஆறு முறை போகக் கேளுங்கள். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை மாதம் ஒருமுறை. முதல் முறை எல்லோரும் பயத்தோடுதான் இறங்குவார்கள். எங்கே கழிப்பறை, யார் முறைத்துப் பார்க்கிறார்கள், நாய் வருமா என்று. தேசியப் பூங்காக்கள் போன்ற நிலப்பரப்புகள் பற்றி 2019இல் அரசுக்காக ஜூலியன் குளோவர் தலைமையில் நடந்த மீளாய்வும், பல சமூகத்தினர் அவற்றைத் தங்களுடையதாக உணர்வதில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. அந்தப் பயம் ஒரு நாளில் போகாது. மூன்றாவது முறை போகும்போது இடம் பழகிவிடும். "போன மாதம் இந்தச் செடி பூக்கவில்லையே" என்று பேச்சு வரும். நம் முதியவர்களில் பலர் தோட்டம் செய்தவர்கள், வெங்காயமும் புகையிலையும் போட்டவர்கள். நான் கூட்டிப்போன ஒருவர் ஏழு வருடம் லண்டனில் நாலாம் மாடியில் இருந்தவர். இரண்டாவது பயணத்தில் உழுத வயல் ஓரமாக நாற்காலியை நிறுத்தச் சொல்லி, குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கிப் பார்த்து, "இதிலே தண்ணி நிக்கும்" என்றார். அந்த வயல்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒவ்வொரு மாரியிலும் அந்த மூலையில் தண்ணீர் நிற்பது உண்மைதான் என்றார். அதன்பின் இருவரும் கால் மணி நேரம் என்னை நடுவில் வைத்துப் பேசினார்கள். 'தனிமையில் வாடும் முதியோர்' என்று பொதுவாக எழுதாமல், இந்த மனிதர்களுக்கு என்ன தெரியும், அங்கே போய் என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதுங்கள். நான் படிக்கும் நூறு விண்ணப்பங்களில் அப்படி எழுதுபவர்கள் மிகக் குறைவு.

கட்டாயம் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல விண்ணப்பங்களையும் காசு போதாமல் நாங்கள் திருப்பி அனுப்புகிறோம். மூன்று நான்கு இடத்துக்கு எழுதுங்கள், ஆனால் ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் காசு வாங்கிவிடாதீர்கள், வேறு யாரிடம் கேட்டிருக்கிறீர்கள் என்பதையும் மறைக்காதீர்கள். தொகைகளும் விதிகளும் அடிக்கடி மாறும், எழுதும் அன்று அவரவர் பக்கத்தில் ஒருமுறை சரிபாருங்கள். முடிவு வர மூன்று நான்கு மாதம் பிடிக்கலாம். பெரும்பாலானவர்கள் நடந்து முடிந்த செலவுக்குத் தருவதில்லை. ஏப்ரலில் முதல் பயணம் என்றால் அக்டோபரிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் எப்பிங் காட்டில் சிங்ஃபர்ட் பக்கம் இருக்கும் கொனாட் வாட்டர். சின்ன ஏரி, கரையோரம் சமதளப் பாதை, நிறைய வாத்து. ஒரு ஞாயிறு காலை நாற்காலியில் இருப்பவர்களில் ஒருவரோடு போய்ச் சுற்றிப் பாருங்கள். எங்கே சில்லு சிக்கியது, கழிப்பறைக்கு எவ்வளவு தூரம், இளைப்பாற இருக்கைகள் எத்தனை என்று குறித்துக்கொண்டு வாருங்கள். அதையும், வாகனத்துக்குக் கிடைத்த இரண்டு விலைகளையும் இங்கேயே போட்டால், வரவுசெலவை எப்படி எழுதுவது என்று வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.